தளம் போட்ட அன்று வானம் பார்த்தவள்

2006-ஆம் ஆண்டு, தீபாவளி முடிந்த மறுவாரம். ஆமத்தூரில் எங்கள் புது வீட்டுக்குக் கான்கிரீட் கூரைத் தளம் போட்ட நாள் அது.

என் கணவருக்குச் சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனியில் ஆர்டர் பிடிக்கும் வேலை. ஆடி மாதம் புது மாதிரிகள் அடங்கிய ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு ஒரிஸ்ஸா பக்கம் ரயில் ஏறினால், மார்கழிக் கடைசியில்தான் திரும்புவார். நடுவில் தீபாவளிக்கு இரண்டு நாள் வந்தால் உண்டு. அந்த வருடம் அதுவும் இல்லை. ஆடியில் தவழ்ந்துகொண்டிருந்த எங்கள் மகள் ஐப்பசியில் ஓடவே ஆரம்பித்துவிட்டாள். அவள் முதல் அடி வைத்ததை நான் போனில்தான் அவருக்குச் சொன்னேன்.  "எந்தக் காலை முதல்ல வச்சா?" என்று கேட்டார். எனக்கு ஞாபகமில்லை. இதைக்கூடக் கவனிக்கவில்லையே என்று அன்றெல்லாம் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போது நாங்கள் சிமெண்டு சீட் போட்ட ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். சித்திரை, வைகாசியில் பகல் பதினொரு மணிக்கு மேல் அந்த வீட்டுக்குள் உட்கார முடியாது. குழந்தைக்கு முதுகெல்லாம் வேனல் கட்டி. ஈரத் துணியை விரித்து அதன்மேல் படுக்கவைத்து, பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டே இருப்பேன். அந்தக் கோடையில்தான் நாங்கள் வாங்கிப்போட்ட இடத்தில் எப்படியாவது வீட்டைக் கட்டிவிடுவது என்று முடிவு செய்தோம்.

எங்கள் பக்கத்தில் வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. கோடையில் தளம் போடலாம் என்றால் தண்ணீர் கிடைக்காது. போட்ட தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தாவிட்டால் அந்த வெயிலுக்கு வெடித்துவிடும். ஆடிக்கு மேல் தண்ணீர் ஓரளவு கிடைத்தாலும் ஆள் கிடைக்காது. தீபாவளி சீசன் என்பதால் ஆணும் பெண்ணும் பட்டாசுக் கம்பெனிகளில் இருப்பார்கள். தீபாவளி முடிந்து கம்பெனிகள் லீவு விடுகிறபோதுதான் கொத்தனார்களுக்கு ஆள் சேரும். ஆனால் அப்போது மழைக்காலம் தொடங்கிவிடும். வெயில், ஆள், மழை மூன்றுக்கும் நடுவில் கிடைக்கிற ஒரு நல்ல நாளைப் பிடிக்க வேண்டும்.

என் கணவர் போனில் சொன்னது, "தை பிறக்கட்டும். நான் வந்துருவேன். நிதானமாப் போடுவோம்." கொத்தனாருக்கும் அரை மனதுதான். நான்தான் கேட்கவில்லை. கம்பி கட்டி முடித்தாயிற்று, துருப்பிடித்துவிடும், தளத்துக்கு அடியில் முட்டுக்கொடுக்க வாடகைக்கு எடுத்த சென்ட்ரிங் தகட்டைத் திருப்பிக் கேட்கிறார்கள் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னேன். எல்லாம் உண்மைதான். ஆனால் உள்ளே இருந்த காரணம் வேறு. அவர் ஆல்பப் பையை இறக்கிவைக்கும்போது அது எங்கள் சொந்தக் கூரைக்குக் கீழே இருக்க வேண்டும். வந்த அன்று இரவே அவர் அங்கே கால் நீட்டிப் படுக்க வேண்டும். ஐந்து மாதமாக லாட்ஜ் லாட்ஜாகப் படுத்து எழுந்தவருக்குக் கொடுக்க என்னிடம் அது ஒன்றுதான் இருந்தது.

அன்று காலை வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. ஏழு மணிக்கே சுள்ளென்று வெயில். கலவை மிஷினுக்குச் சந்தனம், குங்குமம் வைத்துத் தேங்காய் உடைத்தோம். முதல் சட்டிக் கலவையை வீட்டுக்காரர் கொட்டுவது வழக்கம். நான் தயங்கினேன். "அவுக இல்லாட்டி என்ன தாயி, நீங்க போடுங்க" என்றார் கொத்தனார். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, சாரத்தில் ஏறி, இன்னொருவர் கை பிடிக்க, கொட்டினேன். கீழே இறங்கியதும் என் கணவரைப் போனில் கூப்பிட்டேன். மிஷின் சத்தத்தில் அவர் பேசுவது எனக்குக் கேட்கவில்லை. என் காதில் விழுந்தது ஒன்றே ஒன்று: "கேக்குது, மிஷின் ஓடுறது கேக்குது." பிறகு லைன் போய்விட்டது.

மகளை மாமியாரோடு வாடகை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நான் அங்கேயே நின்றேன். பதினைந்து, பதினாறு பெண்கள் வந்திருந்தார்கள். எல்லோரும் பட்டாசுக் கம்பெனிகளில் வேலை பார்க்கிறவர்கள். லீவு நாளில் கிடைக்கிற வேலைக்கு ஒரு மேஸ்திரியோடு வந்தவர்கள். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு. மிஷினிலிருந்து சாரம் வரை வரிசையாக நின்று சட்டியைக் கைமாற்றி ஏற்றினார்கள். கேலியும் சிரிப்புமாக வேலை ஓடியது.

சாரத்தின் உச்சியில், கடைசிக் கையாக நின்றவளுக்கு என் வயதுதான் இருக்கும். எம். புதுப்பட்டி என்ற ஊரைச் சேர்ந்தவள். கொத்தனாரும் மற்றவர்களும் அவளை "ஏ புதுப்பட்டி" என்றுதான் கூப்பிட்டார்கள். வந்ததும் அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "அக்கா, படுதா ஏதும் வச்சிருக்கீகளா?"

"எதுக்கு?"

"மழைக்கு."

நான் அண்ணாந்து பார்த்தேன். ஒரு பஞ்சு மேகம்கூட இல்லை. "இல்லையே" என்றேன். அவள் சாரத்தில் ஏறிப்போனாள்.

அதன் பிறகு அவளையேதான் கவனித்துக்கொண்டிருந்தேன். பத்துச் சட்டிக்கு ஒரு தரம் அவள் கை நிற்கும். கழுத்தைத் திருப்பி மேற்கே பார்ப்பாள். கீழே நிற்பவள் சட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருப்பாள். தளம் போட ஆரம்பித்தால் நடுவில் நிறுத்தக் கூடாது என்று என் கணவர் சொல்லி, அதை நோட்டில் எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டு வைத்திருந்தேன். எனக்குப் பதற்றம். மூன்றாவது, நான்காவது தடவை பொறுக்க முடியவில்லை.

"ஏம்மா, வேலைக்கு வந்தீகளா, வேடிக்கை பாக்க வந்தீகளா?" என்று கீழிருந்து சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

வரிசை முழுக்கச் சிரிப்பு அடங்கியது. அவள் என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. சட்டியை வாங்கிக் கொட்டினாள். கேட்ட அடுத்த நொடியே கேட்டிருக்க வேண்டாமோ என்று எனக்குத் தோன்றிவிட்டது. ஆனாலும், நான் சொன்னது தப்பில்லையே என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். எப்போதுமே நான் அப்படித்தான்.

மதியம் பன்னிரண்டரை இருக்கும். பாதித் தளத்துக்கு மேல் முடிந்திருந்தது. அவள் கொத்தனாரைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, மேக்க மலை மறைஞ்சிருச்சு. ஒரு மணி நேரந்தான். இதோட நிப்பாட்டிக்குவோம்."

கொத்தனார் சலித்துக்கொண்டார். "இங்கன மண்டை பொளக்குது வெயிலு. நீ மலையப் பாத்துக்கிட்டு இருக்கியாக்கும்? பாதியில நிப்பாட்டினா ஒட்டு விழும், நாளைக்கு அதுல ஒழுகும்."

"மழையில கரைஞ்சு போறதுக்கு ஒட்டு பரவாயில்லண்ணே."

கொத்தனார் குனிந்து என்னைப் பார்த்தார். "தாயி, நீங்க சொல்லுங்க. நிப்பாட்டவா, போடவா?"

 போனை எடுத்து என் கணவரைக் கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று பெண் குரல். மறுபடியும் கூப்பிட்டேன். மறுபடியும் அதே குரல். என் தலைக்கு மேல் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அந்த இடத்திலிருந்து எனக்கு மலையும் தெரியாது, மேகமும் தெரியாது. நோட்டில் இருந்த இரண்டு கோடுதான் தெரிந்தது.

"போடுங்கண்ணே" என்றேன்.

சிறிது நேரம் கழித்து நிமிர்ந்து பார்த்தால் சாரத்தில் அவளைக் காணோம். வேறொருத்தி அந்த இடத்தில் நின்றாள். "எங்கே அந்தப் பொண்ணு?" என்று கேட்டேன். "ரோட்டுப் பக்கம் ஓடுனா, எங்கிட்டயும் சொல்லலியே" என்றாள் பக்கத்தில் இருந்தவள். நான் சொன்ன ஒரு சொல்லுக்குக் கோபித்துக்கொண்டு பாதி வேலையில் போய்விட்டாள் என்றுதான் நினைத்தேன். போனால் போகட்டும் என்றுகூட நினைத்தேன். அதை எழுதவே இப்போது கூசுகிறது.

முதலில் வெயில் போனது. யாரோ விளக்கை அணைத்த மாதிரி. பிறகு காற்று, மணலும் சிமெண்டுத் தூளும் பறந்து கண்ணைக் கரித்தது. மேற்கே பார்த்தால் வானம் ஈயச்சட்டி அடிப்பாகம்போலக் கறுத்து இறங்கிக்கொண்டிருந்தது.  மிஷினுக்குள் கடைசிக் கலவை சுற்றிக்கொண்டிருந்தது. மேலே, அப்போதுதான் மட்டப்பலகை வைத்து இழுத்துவிட்ட தளம் ஈரமாக, பச்சையாகக் கிடந்தது.  என் கணவர் தை வரைக்கும் பொறு என்றார். நாள் குறிக்கும்போதே கொத்தனார் யோசித்தார். அவள் நிறுத்து என்றாள். மூன்று பேர் பேச்சையும் தள்ளியது நான் ஒருத்திதான்.

அப்போது தெருமுனையில் ஒரு லாரி திரும்பியது. டிரைவர் பக்கத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். வண்டி நிற்பதற்குள் குதித்தாள். பின்னால் சுருட்டிக் கிடந்த பெரிய தார்ப்பாயை நாலு பெண்கள் இழுத்து இறக்கினார்கள். தீபாவளி லோடெல்லாம் அனுப்பிவிட்டு, ரோட்டோரம் டீக்கடையில் சும்மா நின்ற வண்டி. அவள் கம்பெனிக்கு லோடு ஏற்ற வருகிற வண்டி என்பதால் டிரைவர் தெரிந்தவர்.

"ஒரு வாரம் காலை நீட்டிப் படுக்கலாம்னா விடமாட்டியே நீ" என்று அவர் கத்தினார். "படுதா கிழிஞ்சா எங்க ஓனருக்கு நீதான் பதில் சொல்லணும்."

"கிழிஞ்சாத் தச்சுத் தாரேன். முதல்ல அந்த முனையப் பிடிங்க!"

அடுத்து நடந்ததை நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஏழு பேர் கிழக்குச் சாரத்தில், ஏழு பேர் மேற்குச் சாரத்தில். தெற்கு ஓரத்தில் தார்ப்பாய்ச் சுருளைப் போட்டு, இரண்டு பக்கமும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் "இழு" என்றதும் ஓடினார்கள். ஈரத் தளத்தில் ஒரு கால் படவில்லை. தார்ப்பாய் தளத்தில் உரசவில்லை. விறைப்பாக இழுத்துச் சாரக் கம்புகளில் கட்டிவிட்டார்கள். பட்டாசுக் கம்பெனியில் காயப்போட்ட சரக்கை மழைக்கு மூடுகிற அதே வேலை என்று பிறகுதான் தெரிந்தது. கட்டி முடிக்கவும் பெரிய பெரிய துளியாக மழை விழவும் சரியாக இருந்தது.

வடக்கு ஓரத்தில் மட்டும் நாலடிக்குத் தார்ப்பாய் எட்டவில்லை. கடைசியாகப் போட்ட பகுதி. எங்கள் படுக்கையறைக்கு மேலே வருவது. காலி சிமெண்டுச் சாக்கு, பிளாஸ்டிக் தாள், என் குடை, கிடைத்ததையெல்லாம் பிடித்தோம். நானும் சாரத்தில் ஏறி ஒரு சாக்கின் முனையைப் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்தில் நின்றேன். நடுவில் தேங்குகிற தண்ணீரை, கயிற்றைத் தளர்த்தியும் இழுத்தும் மற்றவர்கள் வெளியே தள்ளிக்கொண்டிருந்தார்கள். எங்கள் நாலடியில் மட்டும் சாம்பல் நிறத்தில் சிமெண்டுத் தண்ணீர் கோடு கோடாக வழிந்து போனது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அழுதேன் என்று நினைக்கிறேன். மழையில் தெரிந்திருக்காது.

"நாலடிதானக்கா" என்றாள் அவள். "மிச்சம் அம்புட்டும் பத்திரமா இருக்கு."

"உங்களை அப்படிப் பேசினேனே" என்றேன்.

"கம்பெனியிலயும் புதுசா வர்ற சூப்பர்வைசர் எல்லாம் அப்படித்தான் ஏசுவாக." அவள் சிரித்தாள். "எங்க கம்பெனியில எனக்கு அதுதானக்கா வேலை. காயப்போட்ட சரக்கு நனைஞ்சா வீணாப் போறது மட்டுமில்ல, மருந்து சூடேறித் தானாத் தீப்பிடிச்சுக்கிரும். அதனால ஒரு ஆள் வானத்தைப் பாத்துக்கிட்டே இருக்கணும். மலை மறைஞ்சா நான் சத்தம் குடுக்கணும். லீவுன்னாலும் கழுத்து தானாத் திரும்புது, என்ன செய்ய?"

பிறகு வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டாள். சொன்னேன். ஒரு தெரியாத பெண்ணிடம், கொட்டுகிற மழையில், எல்லாவற்றையும் சொன்னேன். தை வரைக்கும் ஏன் பொறுக்கவில்லை என்பதையும். என் மாமியாரிடம்கூட நான் சொல்லாதது அது.

அவள் சாக்கின் முனையைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டாள். பிறகு கேட்டாள். "அக்கா, தளத்துக்கு அடியில இருந்தா மழைச் சத்தம் எப்படிக்கா கேக்கும்?"

எனக்குத் தெரியவில்லை. நானும் சீட் வீட்டில்தானே இருந்தேன்.

"எங்க வீடும் சீட்டுதான். மழை பேஞ்சா ஒருத்தரு பேசுறது ஒருத்தருக்குக் கேக்காது. பிள்ளை பயந்து அழும். எம்புட்டோ தளத்துக்குக் கலவை தூக்கியிருக்கேன். ஒரு தளத்துக்கு அடியிலகூட மழையில நின்னதில்ல." கொஞ்சம் தயங்கிவிட்டு, "சென்ட்ரிங் பிரிச்ச பெறகு, ஒரு மழை நாளா வந்து ஒரு பொழுது உக்காந்துட்டுப் போகவா?" என்றாள்.

"என்ன இப்படிக் கேக்கிறீக? பிள்ளையையும் கூட்டிட்டு வாங்க" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

முக்கால் மணி நேரத்தில் மழை விட்டது. மிஷினில் இருந்த கலவையைப் போட்டு, கரைந்த இடத்தில் கொத்தனார் கைவேலை பார்த்துச் சரிசெய்தார். தாமதமாகிவிட்டது. பெண்களுக்குச் சமைத்து வைத்திருந்த கறிச்சோறு ஆறிப்போயிருந்தது. அதற்குள் குழந்தை அழுகிறாள் என்று மாமியார் ஆள் அனுப்பிவிட்டார். நான் ஓடினேன். திரும்பி வந்தபோது அவர்கள் வந்த வண்டி போய்விட்டிருந்தது. எச்சில் இலைகளை மடித்து ஓரமாக அடுக்கிவைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

கார்த்திகையில் சென்ட்ரிங் பிரித்தார்கள். மார்கழி கடைசியில் அவர் வந்தார். அவர் பையை இறக்குவதற்கு முன்னாலேயே படுக்கையறைக்குக் கூட்டிப்போய் அந்த நாலடியைக் காட்டினேன். நல்லதைக் காட்ட எனக்குப் பொறுமை இல்லை. தப்பைத்தான் முதலில் காட்டினேன். ஈரம் ஊறித் திட்டுத் திட்டாக இருந்தது. அவர் அண்ணாந்து பார்த்தார். பிறகு அந்த இடத்துக்கு நேர்கீழே, வெறும் தரையில், கால் நீட்டிப் படுத்துவிட்டார். நடந்ததையெல்லாம் படுத்தபடியே கேட்டார். எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, "அந்தப் பிள்ளை பேரென்ன?" என்றார்.

நான் அதைக் கேட்டிருக்கவே இல்லை.

தை மாதக் கிரகப்பிரவேசத்துக்கு அவளைக் கூப்பிடக் கொத்தனாரிடம் கேட்டேன். "புதுப்பட்டிக்காரின்னுதான் தாயி தெரியும். மேஸ்திரி கூட்டிட்டு வந்த ஆளு" என்றார். மேஸ்திரி கேரளாவுக்கு வேலைக்குப் போய்விட்டிருந்தார். விழா முடிந்த பிறகு, ஒரு நாள் சாத்தூர்ச் சேவும் கருப்பட்டி மிட்டாயும் வாங்கிக்கொண்டு, மகளைத் தூக்கிக்கொண்டு நானே புதுப்பட்டிக்குப் பஸ் ஏறினேன். சாயங்காலம் கம்பெனி வேன்கள் வந்து நின்றன. இறங்கிய பெண்கள் எல்லோர் கையிலும் முகத்திலும் வெள்ளி நிறப் பட்டாசு மருந்து மினுங்கியது. ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். தலையில் துண்டு கட்டி, மழையில் நனைந்த முகம்தான் எனக்குத் தெரியும். அந்த வெள்ளி முகங்களுக்குள் அவள் இருந்தாளா, இல்லையா என்பதே எனக்குத் தெரியவில்லை.

"யாரத் தேடுதீக?" என்று ஒரு பெண் நின்று கேட்டாள்.

"போன தீபாவளிக்கு அப்புறம் ஆமத்தூருக்குத் தளம் போட வந்தாங்க..."

"பேரு?"

"தெரியாது."

"எந்தக் கம்பெனி?"

"அதுவும் தெரியாது. கம்பெனியில வானம் பாக்கிற வேலைன்னு சொன்னாங்க."

அவள் சிரித்துவிட்டாள். "இங்கன எல்லாரும்தான் வானத்தைப் பாக்கோம். பேரும் தெரியாம, கம்பெனியும் தெரியாம, நல்லாத் தேட வந்தீக போங்க!"

கொண்டுபோன பலகாரத்தை அவர்களிடமே கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.

அதற்குப் பிறகு மூன்று மழைக்காலம் வந்துவிட்டது. தளத்துக்கு அடியில் மழைச் சத்தம் அவ்வளவாகக் கேட்பதில்லை. ஜன்னலைத் திறந்தால்தான் பெய்வதே தெரிகிறது. மகள் பாட்டுக்குத் தூங்குகிறாள். ஆடியில் அவர் கிளம்பிப் போய்விடுவதால் ஐப்பசி மழையை நான் தனியாகத்தான் கேட்கிறேன். அப்போதெல்லாம் இதை யாரிடம் சொல்ல வேண்டுமோ அவளிடம் சொல்ல முடியவில்லையே என்றிருக்கும். இப்போது எங்கள் வீட்டுக்கு எந்த வேலைக்கு யார் வந்தாலும் முதலில் பெயரையும் ஊரையும் கேட்டுவிடுகிறேன். "அம்மா எல்லார்ட்டயும் பேரு கேக்கும்" என்று என் மகள் கேலி செய்கிறாள்.

எங்கள் பக்கத்தில் சில நாட்களில் பேப்பரைப் பிரிக்கவே பயமாக இருக்கும். எந்தக் கம்பெனியிலாவது வெடித்தது என்று செய்தி வந்தால், கீழே போட்டிருக்கும் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிக்கிறேன். ஆனால் அவள் இல்லை என்று நிம்மதியடையவோ, அவள்தான் என்று அழவோ முடியாதபடி செய்துகொண்டது நானேதான் என்பது, பேப்பரை மடித்து வைக்கும் ஒவ்வொரு தடவையும் எனக்கு உறைக்கிறது.